காது மாறியதா, ரசனை மாறியதா?

வாசகர் கேள்விகளுக்குச் செவித்திறன் நிபுணரின் பதில்கள்

முதுமையில் செவித்திறன் குறைவதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து மும்பைத் தமிழர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாட்டைப் பற்றியே கேட்டிருந்தன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கச்சேரி கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இப்போது எழுபதைத் தொட்டுவிட்டது என்பதால் இதில் வியப்பில்லை. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 73. ஷண்முகானந்தா அரங்கில் 1990-ஆம் ஆண்டுத் தீ விபத்துக்கு முன்பிருந்தே கச்சேரி கேட்டு வருகிறேன். சில ஆண்டுகளாகத் தம்புரா மந்தமாகக் கேட்கிறது. மிருதங்கத்தில் தொப்பி (இடப்பக்கம்) கேட்கும் அளவுக்கு வலந்தலை (வலப்பக்கம்) எடுப்பாக இல்லை. பாடகர் என்ன சாகித்தியம் (பாடல் வரிகள்) பாடுகிறார் என்பதும் பிடிபடுவதில்லை. ராகம் மட்டும் எப்போதும் போல் உடனே தெரிந்துவிடுகிறது. மைக் வைப்பவர்களின் குறை என்றே நண்பர்களிடம் வாதாடி வந்தேன். ஆனால் பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞர் தமக்கு எல்லாம் தெளிவாகக் கேட்பதாகச் சொன்னார். குறை எங்கே இருக்கிறது? (மாட்டுங்கா வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ராகம் தெரிகிறது, சாகித்தியம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வயதோடு வரும் செவிக்குறைவின் இலக்கணமே அதுதான்.

நல்ல செவியுள்ள இளம் வயதினருக்கு ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் கேட்கும் (ஹெர்ட்ஸ் என்பது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்னும் கணக்கு). இந்த எல்லையின் மேல்விளிம்பு நாம் நினைப்பதைவிட மிக முன்னதாகவே தேயத் தொடங்குகிறது. கடைவாசலில் கூட்டமாக நிற்கும் விடலைப் பிள்ளைகளைக் கலைப்பதற்காக 2005-இல் பிரிட்டனில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 17,000 ஹெர்ட்ஸில் கீச்சிடும் அந்தக் கருவி பதின்வயதினரைப் பாடாய்ப் படுத்தியது; இருபத்தைந்தைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஓர் ஒலி இருப்பதே தெரியவில்லை. ஆகவே இது கிழவர்களுக்கு மட்டும் வரும் குறை அன்று. இளமையில் அரும்பி, அறுபதுக்கு மேல் வெளியே தெரிய வருவது. அறுபதைக் கடந்தவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோருக்கு அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவிக்குறைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

உள்காதில் காக்ளியா என்னும் சுருள் வடிவ உறுப்பு இருக்கிறது. அதில் ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரிழைச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 உள்ளன. ஹார்மோனியத்தின் கட்டைகளைப் போல இவை வரிசை முறையில் அமைந்தவை: ஒலி நுழையும் வாசலை ஒட்டிய செல்கள் உச்ச ஒலிகளுக்கு உரியவை, சுருளின் உள்முனையில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளுக்கு உரியவை. வாசலை ஒட்டிய செல்களே முதலில் சேதமடைகின்றன. மனிதர்களிடம் இச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இப்போது கச்சேரிக்கு வருவோம். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பாடகியின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். அவர் தார ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டாலும் அது 590 ஹெர்ட்ஸைத் தாண்டாது. பியானோவின் கடைசிக் கட்டையே 4,200 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. எனவே உச்ச ஒலிகளைக் காது இழந்த பிறகும் ஸ்வரங்களுக்கும் கமகங்களுக்கும் பெரிய சேதம் வருவதில்லை; ராகம் உங்களுக்கு உடனே தெரிவது இதனால்தான். நீங்கள் இழப்பது அந்த ஸ்வரங்களின் மேல் அடுக்கடுக்காக நிற்கும் உயர்ந்த துணை ஒலிகளான அனுசுரங்களை. தம்புராவின் உயிரே அனுசுரங்களில்தான் இருக்கிறது. குதிரைக்கும் தந்திக்கும் இடையில் நூலை நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிக்கிறார்களே, அதன் பயனாக எழும் ரீங்காரம் முழுவதும் உயர்ந்த அனுசுரங்களால் ஆனது. சர் சி.வி. இராமன் 1921-இல் வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை அமைப்பை ஆராய்ந்து, வேறு தந்திக் கருவிகளில் காணாத அளவுக்கு அவற்றில் அனுசுரங்கள் செழிப்பதை எடுத்துக்காட்டினார். அந்தச் செழிப்பு குறையும்போது தம்புரா வெறும் முனகலாகக் கேட்கிறது. வலந்தலையில் விழும் சாப்பின் கூர்மையும், ஜால்ராவின் பளபளப்பும், வயலின் வில் தந்தியைப் பற்றும் உரசலும் இவ்வாறே மங்குகின்றன. தொப்பியின் ஒலி தாழ்ந்த அதிர்வுகளால் ஆனது என்பதால் அது தப்பித்துக்கொள்கிறது.

சாகித்தியத்தின் கதையும் வேறல்ல. பாட்டில் ஸ்வரத்தைச் சுமப்பவை உயிரெழுத்துகள். அவை தாழ்ந்த, வலுவான ஒலிகள். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் ச, த, ப, க போன்ற மெய்களின் அடையாளமோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல், நொடியின் சிறு கூறுக்குள் வந்து போகிறது. 'பாதம்' என்று பாடினாலும் 'வேதம்' என்று பாடினாலும் எத்தனை உயிரெழுத்து, என்ன நீளம் என்பது உங்கள் காதுக்கு எட்டிவிடும். 'பாதம்' எது, 'சாதம்' எது என்பதில்தான் தடுமாற்றம் வரும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நன்கு பழகிய கிருதி பாடப்படும்போது விடுபட்ட மெய்களை உங்கள் நினைவே இட்டு நிரப்பிவிடும். தெளிவாகக் கேட்டதாகவே தோன்றும். புதிய பாடலில் அந்த உதவி கிடைப்பதில்லை. எனவே, மனப்பாடமான கீர்த்தனையைக் கேட்டுவிட்டு 'என் காது நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவு கட்ட வேண்டாம். இளமையில் கேட்ட ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு பாடலை விட்டுவிட்டுத் தம்புராவையும் ஜால்ராவையும் மட்டும் தேடிப் பாருங்கள். அங்கும் அவை மங்கியிருந்தால் மைக்கைக் குறை சொல்வதற்கில்லை. செவித்திறன் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அரங்கில் பக்கவாட்டு ஒலிபெருக்கிகளை ஒட்டி அமராமல், பாடகரின் வாயசைவு தெரியும் தூரத்தில் நடுவரிசையில் அமர்ந்தால் சாகித்தியம் கணிசமாகத் துலங்கும்.

கேள்வி: இக்காலத் திரைப்பாடல்கள் எனக்கு ஒரே இரைச்சலாகத் தோன்றுகின்றன. ஆனால் பதினெட்டு வயதுப் பேத்தி தன் காலத்துப் பாட்டோடு என் காலத்துப் பாட்டையும் ரசித்துக் கேட்கிறாள். 'பாட்டி, உங்களுக்கு வயதாகிவிட்டது' என்கிறாள். பாட்டு கெட்டுவிட்டதா, நான் மாறிவிட்டேனா? (செம்பூர் வாசகி, வயது 69)

பதில்: இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. முதலில் காதோடு தொடர்பில்லாத காரணத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஹோல்புரூக், ஷின்ட்லர் என்னும் இருவர் பல வயதினருக்கு வெவ்வேறு பத்தாண்டுகளில் வெளிவந்த பாடல்களை ஒலிக்கச் செய்து விருப்பத்தைக் கேட்டு, 1989-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கு மிகவும் பிடித்த பாடல்கள் அவர் ஏறத்தாழ 23, 24 வயதில் இருந்தபோது வெளிவந்தவையாக இருப்பதை அவர்கள் கண்டார்கள். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகள் பிற்கால நினைவுகளைவிட அழுத்தமாகப் பதிகின்றன என்பது நினைவாற்றல் ஆய்வில் பலமுறை உறுதியான செய்தி. முதல் வேலை, திருமணம், ஊர் விட்டு ஊர் வந்து தாதர் ரயில் நிலையத்தில் இறங்கிய நாள் என வாழ்க்கையின் 'முதல்'கள் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான் நிகழ்கின்றன. அப்போது வானொலியில் ஒலித்த பாட்டு அவற்றோடு பின்னிக்கொள்கிறது. பழகிய பாட்டில் அடுத்து வரப்போகும் இடத்தை எதிர்பார்க்கும் கணத்திலேயே மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்னும் வேதிப்பொருள் சுரப்பதை மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011-இல் படம்பிடித்துக் காட்டினார்கள். நூறுமுறை கேட்ட பாட்டில் அந்த எதிர்பார்ப்பின் சுகம் உங்களுக்கு உண்டு. முதன்முறை கேட்கும் பாட்டில் அது இருக்க வழியில்லை.

பேத்தியின் நிலைமைக்கும் விளக்கம் இருக்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்களுக்குத் தங்கள் காலத்துப் பாட்டைத் தவிர, பெற்றோர் இளமையில் கேட்ட பாட்டும் தாத்தா பாட்டி காலத்துப் பாட்டும் தனியாக மனத்தில் பதிந்திருப்பது தெரிய வந்தது. வீட்டில் நீங்கள் போட்ட பாட்டுதான் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்காக நீங்கள் மகிழலாம்.

இனி காதின் பங்கு. பல ஒலிகள் கலந்து வரும்போது ஒன்றைப் பிரித்தெடுத்துக் கவனிக்கும் திறன் வயதோடு குறைகிறது. பரிசோதனையில் செவித்திறன் நன்றாக இருப்பவர்களிடம்கூட இக்குறைவு காணப்படுகிறது. நீங்கள் இளமையில் கேட்ட பாடல்களில் குரல் முன்னே நின்றது. கருவிகள் குரல் ஓய்ந்த இடங்களில் பேசின. இன்றைய ஒலிப்பதிவில் தாளம், மின்னணுக் கருவிகள், பின்னணிக் குரல்கள் ஆகியவை ஒரே நேரத்தில் அடர்ந்து ஒலிக்கின்றன. மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கி, எல்லாவற்றையும் உரக்கவே பதிவு செய்கிறார்கள். இளம் காது இந்த அடர்த்தியை அடுக்கடுக்காகப் பிரித்துக் கேட்கிறது. அதே பாட்டு முதிய காதில் ஒரே திரளாக விழுகிறது. அதை 'இரைச்சல்' என்று நீங்கள் அழைப்பது மிகையில்லை, உங்களுக்கு அப்படித்தான் கேட்கிறது. மேலும், இயல்பாகத் தாளம் தட்டச் சொன்னால் குழந்தைகள் விரைவாகவும் முதியவர்கள் நிதானமாகவும் தட்டுகிறார்கள். நம் உள்ளே ஓடும் காலப்பிரமாணமே வயதோடு தளர்வதால், பேத்திக்குச் சரியான நடை உங்களுக்கு ஓட்டமாகப் படலாம். 2015-இல் போன்ஸ், பிளாக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது: ஒத்திசைக்கும் ஸ்வரக் கூட்டுக்கும் ஒவ்வாத ஸ்வரக் கூட்டுக்கும் இடையில் இளைஞர்கள் உணரும் இன்ப வேறுபாட்டை, முதியவர்கள் அந்த அளவுக்கு உணர்வதில்லை என்று அவர்கள் கண்டறிந்தார்கள். மேற்கத்தியப் பாணியில் பல குரல்களை அடுக்கி அமைக்கும் பாடலின் அழகில் ஒரு பகுதி முதிய செவிக்குள் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகும், ரசனை இருபத்து மூன்று வயதில் உறைந்துவிடுகிறது என்பதை நான் ஏற்கவில்லை. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முரட்டு இசையின் மீதான ஈர்ப்பு வயதோடு குறைவதையும், செவ்வியல் இசை போன்ற நுணுக்கமான வகைகளின் மீது விருப்பம் கூடுவதையும் கண்டார்கள். விருப்பம் தேய்வது மட்டுமே நிகழவில்லை, வளர்வதும் நிகழ்கிறது. ஐம்பதைக் கடந்த பிறகு மராத்தி பக்திப் பாடலான அபங்கமும் இந்துஸ்தானி இசையும் கேட்கப் பழகி, இன்று அவற்றில் தோய்ந்து கிடக்கும் தமிழர்களை இந்த நகரத்தில் நிறையவே சந்திக்கிறேன். பேத்திக்குப் பிடித்த பாட்டு ஒன்றை அவளிடமே கேட்டு வாங்கி, வரிகளை முதலில் படித்துவிட்டு, ஓசை குறைந்த அறையில் நல்ல ஒலிபெருக்கியில் சில நாள் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் அது உங்கள் ரசனையின் தீர்ப்பு. அதை யாரும் வயதின் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

கேள்வி: மாமனார் தொலைக்காட்சியில் பாட்டு நிகழ்ச்சியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறார். ஆனால் நாங்கள் சற்று உரக்கப் பேசினால் 'ஏன் கத்துகிறாய்?' என்று கோபித்துக்கொள்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று வீட்டில் மனத்தாங்கல் வருகிறது. (டோம்பிவிலி வாசகி)

பதில்: அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. இதை வீட்டில் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே உங்கள் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

செவிக்குறைவில் மெல்லிய ஒலி கேட்கத் தொடங்கும் அளவு உயர்ந்துவிடுகிறது. ஆனால் ஒலி வேதனை தரத் தொடங்கும் அளவு அதோடு சேர்ந்து உயர்வதில்லை. உதாரணமாக, ஒலியின் உரப்பை அளக்கும் டெசிபெல் கணக்கில் 50-க்குக் கீழே ஒன்றும் கேட்காத ஒருவருக்கும் 100 டெசிபெல் ஒலி மற்றவர்களைப் போலவே காதை அடைக்கும். மற்றவர்களுக்கு நூறு படிகள் இருக்கும் இடத்தில் அவருக்கு ஐம்பதுதான். அந்தக் குறுகிய இடத்துக்குள் ஒலியின் உரப்பு விறுவிறு என்று ஏறுவதால், மெதுவாகச் சொன்னது கேட்பதில்லை. குரலை உயர்த்தியதும் அது கத்தலாக விழுகிறது. கச்சேரியிலும் இதே தொல்லைதான்: விளம்ப காலத்து ஆலாபனையின் மெல்லிய இடங்கள் காணாமல் போகும், தனி ஆவர்த்தனத்தின் உச்சம் தாங்க முடியாததாக இருக்கும்.

குரலை உயர்த்தாமல், அவர் முகத்தைப் பார்த்து, சொற்களுக்கு இடையில் சற்று இடைவெளி விட்டுப் பேசுங்கள். தொலைக்காட்சியின் ஒலியை ஏற்றுவதற்குப் பதிலாக, அவர் இருக்கைக்கு அருகில் ஒரு சிறிய ஒலிபெருக்கியை இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி: செவித்துணைக் கருவி வாங்கிய பிறகு பேச்சு தெளிவாகிவிட்டது. ஆனால் புல்லாங்குழல் கேட்டால் ஸ்வரம் நடுங்குகிறது; பாடகர் நீண்ட கார்வை கொடுத்தால் கூடவே இன்னொரு விசில் கேட்கிறது. இசைக்காகக் கருவியைக் கழற்றி வைத்துவிடலாமா? (முலுண்டு வாசகர், வயது 70)

பதில்: கழற்றிவிட வேண்டாம். கருவி பழுதாகவும் இல்லை. பேச்சுக்காக அமைத்த ஒன்றைக் கொண்டு இசையைக் கேட்கிறீர்கள்.

கருவியிலிருந்து கசியும் ஒலி மீண்டும் மைக்கில் நுழைந்தால் 'கீ' என்று விசில் எழும். அதைத் தடுக்க உள்ளே ஒரு காவல் ஏற்பாடு உண்டு. மாறாமல் நீளும் ஒற்றை ஒலி எதுவாக இருந்தாலும் அதை விசில் என்று ஐயப்பட்டு அழிக்கப் பார்ப்பது அதன் இயல்பு. பேச்சில் அப்படி நீளும் ஒலி வருவதில்லை. குழலிலும் தார ஷட்ஜத்தில் நின்று கொடுக்கும் கார்வையிலும் அதுதான் வருகிறது. அதை அழிக்க முயலும்போது எழும் கலவரத்தையே நடுக்கமாகவும் கூடுதல் விசிலாகவும் கேட்கிறீர்கள். இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடு மற்றொன்று. ஏற்ற இறக்கம் இல்லாமல் தொடரும் ஒலியை அது மின்விசிறிச் சத்தமாக எண்ணி அமுக்குகிறது. பாவம், தம்புராவும் அதில் மாட்டிக்கொள்கிறது. உச்ச ஒலிகளைத் தாழ்த்தி வேறு இடத்தில் கொண்டு வைக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. பேச்சுக்கு அது உதவும்; இசையில் அனுசுரங்களை இடம் பெயர்த்து அபஸ்வரம் ஆக்கிவிடும்.

உரப்பின் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண உரையாடல் 65 டெசிபெல் அளவில் நிகழ்வது. மேடைக்கு அருகில் இசையின் உச்சங்கள் 100 டெசிபெல்லைத் தொடக்கூடும். பல கருவிகளின் உள்வாங்கும் பகுதி அந்த அளவுக்கு வடிவமைக்கப்படாததால், ஒலியின் முகடு வெட்டுப்பட்டுக் கரகரப்பாகிறது. இது நுழைவாயிலிலேயே நிகழ்ந்துவிடுவதால் பிறகு ஒலியைக் குறைத்தும் பயனில்லை. பழைய கருவி வைத்திருக்கும் இசைக்கலைஞர்கள் மைக்கின் துளை மேல் செலோ டேப்பை ஓரிரு அடுக்கு ஒட்டிக்கொள்வது உண்டு. உள்ளே போகும் ஒலி சில டெசிபெல் குறைந்து கரகரப்பு நீங்குகிறது. எளிய உத்தி, ஆனால் பயன் தருகிறது.

உங்கள் கருவியைப் பொருத்தியவரிடம் சென்று, இசைக்கென்று தனியே ஒரு நிரலை அமைத்துத் தரும்படி கேளுங்கள். இரைச்சல் குறைப்பும் ஒலி இடப்பெயர்ப்பும் நிறுத்தப்பட்டு, விசில் தடுப்பு மிதமாக வைக்கப்பட்டு, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி இயன்றவரை காக்கப்பட வேண்டும். பேச்சைச் சொல்லிச் சரிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நீங்கள் நன்கறிந்த குழலிசை ஒன்றைக் கைப்பேசியில் எடுத்துச் சென்று அங்கேயே கேட்டுச் சரிசெய்யுங்கள். மூளை புதிய ஒலிக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். எனவே முதல் நாளிலேயே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

கேள்வி: வாஷியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். வயது 64. சில மாதங்களாகச் சுருதிப் பெட்டியின் ஒலி வலக்காதுக்கும் இடக்காதுக்கும் வெவ்வேறாகக் கேட்கிறது. என் குரலையே நம்ப முடியவில்லை.

பதில்: ஒரே ஒலி இரண்டு காதுகளில் இரண்டு சுருதியாக விழுவது உள்காதின் பாதிப்பால் வருவது. ஒரு காதின் சேதம் மற்றதைவிடக் கூடுதலாக இருக்கும்போது இது தெரிய வருகிறது. மாபெரும் கலைஞர்களும் இத்தகைய சிதைவுகளால் வருந்தியிருக்கிறார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேக்குப் பிற்காலத்தில் தாழ்ந்த ஒலிகள் உயர்ந்தும், உயர்ந்த ஒலிகள் தாழ்ந்தும் கேட்டன. ரஷ்யப் பியானோ மேதை ரிக்தருக்கு முதுமையில் எல்லா ஸ்வரங்களும் இருக்க வேண்டிய இடத்தைவிட உயர்ந்து ஒலித்தன. நமது இசையில் ஷட்ஜம் எங்கே நின்றாலும் அதிலிருந்து மற்ற ஸ்வரங்களை அளக்கிறோம் என்பதால், எல்லாம் ஒருசேர நகர்ந்தால் நம் பாடகர்கள் அதிகம் தடுமாற மாட்டார்கள். உங்களுக்கு நிகழ்ந்ததுபோல் இரண்டு காதுகளும் முரண்படும்போதுதான் சிக்கல்.

உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு காதுகளுக்கிடையே வேறுபாடு இருந்தால் அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால் அன்றே, தவறினால் மறுநாளே செல்ல வேண்டும். தாமதித்தால் மருந்துகளின் பயன் வேகமாகக் குறைந்துவிடும். பாடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். இசைப்பயிற்சி உள்ள முதியவர்கள் இரைச்சலுக்கு நடுவிலும் பேச்சைப் பிரித்தறிவதில் மற்றவர்களைவிடத் தேர்ந்தவர்களாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. செவிக்குறைவு உள்ள முதியவர்கள் பத்து வாரம் குழுவாகப் பாடிப் பழகியதில் அத்திறன் மேம்பட்டதாக 2019-இல் டொராண்டோவில் கண்டார்கள். அக்கம்பக்கத்துப் பஜனைக் குழுவில் சேர்ந்து பாடும் மூத்தவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: தாராவியிலிருந்து அந்தேரிக்கு லோக்கல் ரயிலில் தினமும் பாட்டுக் கேட்டபடிதான் பயணம். வயது 24. இதெல்லாம் வயதானவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம்தானே?

பதில்: எழுபதில் உங்களுக்கு எவ்வளவு கேட்கும் என்பதை இந்தப் பயணங்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு. ஒலி 3 டெசிபெல் ஏறும் ஒவ்வொரு முறையும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. கதவு திறந்தே ஓடும் ரயில் பெட்டியின் இரைச்சலை வெல்வதற்காக ஒலியை ஏற்றும்போது, நாம் அறியாமலேயே இந்தக் கணக்கைத் தாண்டிவிடுகிறோம். காதை நன்றாக மூடும் இயர்போனோ இரைச்சல் நீக்கும் ஹெட்போனோ இருந்தால் ஒலியை ஏற்றத் தேவையிருக்காது. ஆனால் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அவற்றைக் கழற்றிவிடுங்கள். விநாயகர் விசர்ஜன ஊர்வலத்தில் டோல் அடிப்பவர்களும் அவர்களுக்கு அருகில் நடப்பவர்களும் காதடைப்பான் அணிவது அவசியம். பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வதால் போதிய பாதுகாப்புக் கிடைக்காது.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய். பெயர்கள் மறந்துவிட்டன, ஆனால் சிறுவயதில் கற்ற பாட்டை முழுவதும் பாடுகிறார். இது எப்படி? காதுக்குக் கருவி வைத்தால் மறதி குறையுமா? (சயான் வாசகி)

பதில்: நெடுநாள் பழகிய இசை நினைவைத் தாங்கும் மூளைப்பகுதிகள் அல்ஸைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிடத் தாமதமாகவே பாதிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு காட்டியது. அம்மாவுக்குப் பிடித்த பாட்டுகளை அவருடைய சிறுவயதுக் காலத்திலிருந்து தேர்ந்தெடுங்கள். ஓசையற்ற அறையில், மிதமான ஒலியில், அவரோடு சேர்ந்து பாடுங்கள்.

கருவி வந்துவிட்ட நோயைக் குணப்படுத்தாது. எனினும் கவனிக்கப்படாத செவிக்குறைவு மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் குழு வரிசைப்படுத்தியிருக்கிறது. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்றாண்டுக் காலம் கருவி அணிந்தவர்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. மறதிக்கான வாய்ப்பு ஏற்கெனவே கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மட்டும் அறிவாற்றல் தேய்வு ஏறக்குறையப் பாதியளவு மட்டுப்பட்டது. அம்மாவுக்குச் செவிக்குறைவு இருந்தால், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும் என்ற ஒரு காரணமே கருவி வைப்பதற்குப் போதும்.

கேள்வி: காதில் வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் விட்டால் செவித்திறன் கூடும் என்று ஊரில் சொல்வார்கள். சரியா? (பலர்)

பதில்: சரியன்று. எண்ணெய் உள்காது வரை செல்வதே இல்லை. செவிப்பறையில் துளை இருந்தால் தீங்கு விளையும்.

கேள்வி: மும்பையில் எங்கே பரிசோதித்துக்கொள்வது? செலவு அதிகமாகுமா? (செம்பூர், முலுண்டு வாசகர்கள்)

பதில்: பாந்த்ராவில் 1983 முதல் இயங்கிவரும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் செவி, பேச்சுக் குறைபாடுகளுக்கென்றே அமைந்த மத்திய அரசு நிறுவனம். சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் உள்ளன. அங்கே தனியார் இடங்களைவிடச் செலவு குறைவு. வருமானம் குறைந்த, அறுபது நிறைந்த முதியவர்களுக்குச் செவித்துணைக் கருவி உள்ளிட்டவற்றை இலவசமாக வழங்கும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தை மத்திய அரசு 2017-இல் தொடங்கியது. தகுதி இருப்பவர்கள் விசாரித்து விண்ணப்பிக்கலாம்.

முதலில் மருத்துவரிடம் காதைக் காட்டி, குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதனால் மட்டுமே மந்தமாகியிருந்த காதுகளும் உண்டு. பரிசோதனையில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொரு காதிலும் தனித்தனியே கேட்கச் செய்து வரைபடம் எடுப்பார்கள்; வலி ஏதும் இராது. நீங்கள் பாடுபவர், வாத்தியம் வாசிப்பவர், தொடர்ந்து கச்சேரி கேட்பவர் என்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். நீரிழிவு இருந்தாலும், காசநோய்க்காகவோ புற்றுநோய்க்காகவோ ஊசி மருந்து எடுத்திருந்தாலும் சொல்லுங்கள், அவற்றில் சில உள்காதைத் தாக்கக்கூடியவை. பரிசோதனைக்கு முந்தைய நாள் பெரும் இரைச்சலில் இருந்திருந்தால் காது தற்காலிகமாக மந்தித்து முடிவு தவறாக வரும் என்பதால், விசர்ஜனத்துக்கு மறுநாள் நேரம் குறித்துக்கொள்ள வேண்டாம்.